வாள்பல் பூனையின் முதல் பார்வை

ஏப்ரல் 22

இதற்கு முன் இரண்டு கம்பெனிகள் என்னை வீட்டுக்கு அனுப்பின. கோவை பம்பு கம்பெனியில் மேனேஜரிடம் அவர் போட்ட வரைபடம் தப்பு என்று சொன்னேன். தப்புதான். ஓசூரில் முதலாளியின் மச்சானிடம் அதையே சொன்னேன். அதுவும் தப்புதான். இரண்டு இடத்திலும் யார் எப்போது என்ன சொன்னார் என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இந்த முறை தேதி போட்டு எழுதி வைக்கிறேன். நடந்தது நடந்தபடி. ஆதாரம்.

பெயர் ஜெரால்டு. வயது இருபத்தாறு. மெக்கட்ரானிக்ஸ். வேலை: திருச்செங்கோட்டுக்கு வெளியே பத்து ஏக்கர் பொட்டலில் கட்டிக்கொண்டிருக்கும் 'பனியுகப் பூங்கா'வில் நான்கு பூனைகளுக்கு உயிர் கொடுப்பது. இரண்டு வாள்பல் பூனைகள், ஒரு குகைச் சிங்கம், ஒரு அமெரிக்கச் சிங்கம். எல்லாம் பத்தாயிரம் வருடத்துக்கு முன்பே, சிலது அதற்கும் முன்பே, பூண்டோடு போனவை.

முதலாளி பொன்னுரங்கம். போர்வெல் ரிக் வண்டிக்காரர். பாதி இந்தியாவைத் துளை போட்டவர். ஏன் பனியுகம் என்று கேட்டேன்.

"ஆயரம் அடி போட்டாலும் பொகைதான் வர்ற ஊருங் தம்பி இது. இங்க ஐஸைக் காட்டுனா கூட்டம் வருமா, வராதா?"



ஏப்ரல் 24

வேலை உத்தரவு எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். இப்போது தற்காலிகம். முதலாளி என்னைத் தனியாக ஜெனரேட்டர் கொட்டகைக்குக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னார்.

பூங்காவுக்காக அவர் இரண்டு ரிக் வண்டிகளை விற்றிருக்கிறார். அன்றிலிருந்து அவர் மனைவி ருக்குமணி அம்மா அவரோடு பேசுவதில்லை. எட்டு மாதம். சாப்பாடு தயார் என்பதைக்கூட டிரைவரிடம் சொல்லி அனுப்புகிறாராம். திறப்பு விழாவில் ருக்குமணி அம்மா வந்து நிற்கும்போது நான்கு பூனைகளும் திரும்பி அவரைப் பார்க்க வேண்டும். பார்த்துத் தலை வணங்க வேண்டும்.

"அது மட்டும் நடந்துபோச்சுன்னா அன்னிக்கே உன்ற கையில ஆர்டரு. நடக்கலையா, நீ ஊருக்கு வண்டி ஏறிக்க."

சுத்தமான நிபந்தனை. எனக்குப் பிடித்திருந்தது.

எனக்கும் இது கடைசி வண்டி. திண்டுக்கல்லில் அப்பாவுக்கு பிவிசி பைப் கடை. மே 31க்குள் நிரந்தர உத்தரவு கையில் இல்லையென்றால் ஜூன் ஒன்றாம் தேதி நான் கடையில் உட்கார வேண்டும். எனக்கென்று ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டாராம். ஸ்டூலைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்.

ஏப்ரல் 27

தொழில்நுட்பம் எளிது. ஒவ்வொரு பூனையின் வலது கண்ணுக்குள்ளும் ஒரு கேமரா. நான்குக்கும் ஒரே மூளைப் பெட்டி, ஒரே நினைவகம். பூனை முதன்முதலில் பார்க்கும் மனித முகத்தை 'முதல் முகம்' என்று வைத்துக்கொள்ளும். பிறகு எத்தனை பேர் நின்றாலும் அந்த முகத்தைத்தான் தேடும். கிட்டே வந்தால் கழுத்தை வளைத்து வணங்கும்.

ருக்குமணி அம்மாவின் போட்டோ ஒன்று கொடுங்கள், இன்றைக்கே ஏற்றிவிடுகிறேன் என்றேன். இருக்கும் ஒரே போட்டோ 1991இல் கல்யாணத்தில் எடுத்தது. அதில் அவர் குனிந்திருக்கிறார். தலை வகிடு மட்டும் தெரிகிறது.

"போட்டோ எல்லாம் வேண்டாங் தம்பி. அவ நேருல வந்து நிக்கோணும். அதுங்க மொதமொதலா அவளத்தான் பாக்கோணும்."

ஏப்ரல் 29

பொம்மைகளுக்குத் தோலும் வண்ணமும் செய்ய விழுப்புரம் பக்கமிருந்து அஞ்சலாட்சி என்பவர் வந்திருக்கிறார். முப்பது வயது இருக்கும். ஃபைபர் குதிரை, கல்யாண மண்டப யானை, ஊர்க்கோயில் காவல் வீரன் எல்லாம் செய்கிறவர். கை சுத்தம். வாய் அப்படி இல்லை.

முதலாளி வந்து வாள்பல் பூனையின் வாலைப் பார்த்தார். "பாதியில நிக்குது?"

அதற்கு வால் குட்டைதான் என்று விளக்கினேன். எலும்புக்கூட்டுப் படம் காட்டினேன். பிறகு குகைச் சிங்கத்துக்குப் பிடரி எங்கே என்றார். குகைச் சுவர்களில் அந்தக் காலத்து மனிதர்கள் வரைந்த படங்களில் பிடரி கிடையாது என்றேன்.

"வரைஞ்சவனுக்கு முடி வரைய வராம இருந்திருக்கும்ங்."

அஞ்சலாட்சி சிரித்தார். நான் இரண்டு பேரிடமும் தப்பு என்று சொன்னேன். முடிவு: வால் குட்டையாகவே இருக்கும், பிடரி வைக்கப்படும். ஒன்றுக்கு ஒன்று. என் வாழ்க்கையில் முதல் சமரசம். எனக்குப் பிடிக்கவில்லை.

மே 2

தெர்மாகோல் பனி வந்தது. ஆறு லாரி. அவிழ்த்த பத்தாவது நிமிடம் காற்று. பக்கத்து எள்ளுக் காட்டில் பனியுகம் வந்துவிட்டது. காட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். நாள் முழுக்க எள்ளுச் செடிகளுக்கு நடுவே தெர்மாகோல் பொறுக்கினேன்.

மே 4

கத்திரி தொடக்கம். 41 டிகிரி.

கத்திரியில் யாரும் நல்ல காரியம் செய்ய மாட்டார்களே என்று எலக்ட்ரீஷியன் கேட்டதற்கு முதலாளியின் பதிலை அப்படியே எழுதுகிறேன்: "வெளியத்தான் கத்திரி. கேட்டுக்கு உள்ள ஐஸ் ஏஜு. உள்ள செல்லாது." சோதிடரும் இதை ஒப்புக்கொண்டாராம். திறப்பு விழா மே 14, காலை பத்தரைக்கு மேல்.

மே 5

சிக்கல்.

கேமராக்களைச் சோதிக்கப் போனேன். எட்டுக் கண்ணும் மெழுகு வைத்து அடைக்கப்பட்டிருந்தது.

"யார் செய்தது?" என்று அஞ்சலாட்சியிடம் கேட்டேன்.

"நான்தான். கண்ணு தொறக்குற நாள் வரிக்கும் அப்டித்தான் கெடக்கும்."

"எனக்குச் சோதனை பண்ண வேண்டும்."

"பண்ணு. வாலு இருக்குது, காலு இருக்குது."

இது சாமி சிலை அல்ல, சர்வோ மோட்டார் வைத்த பொம்மை என்றேன். அஞ்சலாட்சி தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "எங்க பட்டறைல குதிரையோ யானையோ, கண்ணு கடைசிதான் சார். மொத பார்வை மனுசன் மேல வுழக்கூடாது. கண்ணாடியத்தான் காட்டணும். தன் மொகத்தத் தானே பாத்துக்கிட்டு அடங்கும். மனுசனப் பாத்துட்டா அவன வுடாது. அவன் பின்னாலயே சுத்தும்."

மூட நம்பிக்கை என்றேன். அறைக்கு வந்த பிறகு, இதைத்தான் நான் நானூறு வரி நிரலாக எழுதியிருக்கிறேன் என்று தோன்றியது. அவரிடம் சொல்லவில்லை.

மே 6

முதலாளியிடம் முறையிட்டேன். அவர் ஒவ்வொரு ரிக் வண்டிக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கிய பிறகுதான் சாவி போடுகிறவர். அஞ்சலாட்சி பக்கம் சாய்ந்தார்.

பிறகு இரண்டு மணி நேரம் ஆலோசனைக் கூட்டம். பொருள்: கண் திறந்ததும் பூனைக்கு எதைக் காட்டுவது. பசுவும் கன்றும் காட்டுவதுதான் முறை என்றார் முதலாளியின் சித்தப்பா.

"புலிசாதிக்குப் பசுவைக் காட்டுனா அது என்னன்னு நெனைக்குங்? பந்தின்னு நெனைச்சுக்காதா?" என்றார் முதலாளி.

அது புலியே அல்ல, புலிக்கு வெகு தூரத்து உறவுதான் என்றேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. கடைசியில் தீர்மானம்: முதலில் கண்ணாடி, அடுத்து ருக்குமணி அம்மா. பசுவுக்கு அழைப்பு இல்லை. கண்ணாடியில் தெரிவது பூனை முகம், அதனால் நினைவகத்தில் ஏறாது. அடுத்து வரும் முதல் மனித முகம் ருக்குமணி அம்மா. தொழில்நுட்பப்படி குறை சொல்ல ஒன்றுமில்லை. சோதிக்காமல் ஓட்ட வேண்டும் என்பதைத் தவிர.

மே 8

அப்பா போன் செய்தார்.

"என்னடா, ஆர்டர் வந்துருச்சா?"

"வரும்."

"அங்க என்னதான்டா செய்யிற?"

"பூனை."

"ஸ்டூலுக்கு மேல ஃபேன் மாட்டியிருக்கேன்" என்று வைத்துவிட்டார்.

மே 9

பிற்பகல் இரண்டு மணி. 42 டிகிரி. எல்லோரும் டிக்கெட் அறையில் ஏசியைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய வாள்பல் பூனையின் வலது கண் மெழுகை பிளேடால் எடுத்தேன். மின்சாரம் கொடுத்தேன்.

ஏழு விநாடி ஒன்றும் இல்லை. பிறகு கழுத்து திரும்பியது. என்னைப் பார்த்தது. இடதுபக்கம் நடந்தேன், இடதுபக்கம் வந்தது. குனிந்தேன், குனிந்தது. கிட்டே போனேன். அந்த இருபத்தெட்டு சென்டிமீட்டர் பற்களைத் தாழ்த்தி வணங்கியது.

வேலை செய்கிறது. முடிவு: வெற்றி.

மெழுகைத் திரும்ப ஒட்டிவிட்டேன். என் முகம் நினைவகத்தில் ஏறியிருக்கிறது. அழிக்க நான்கு நிமிடம். நாளை.

மே 10

கழுத்து பேரிங் சோதனை, 40 நிமிடம், மதியச் சாப்பாட்டு நேரத்தில். மெழுகை மூடி மாதிரி எடுத்து வைக்க முடிகிறது. தயிர்சாதத்தை அதன் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன், சோதனை தடைபடக்கூடாது என்பதற்காக. பேரிங் நன்றாக இருக்கிறது.

நினைவு அழிப்பு: நாளை.

மே 11

பேரிங் சோதனை, ஒரு மணி பத்து நிமிடம். பனிப் பள்ளத்தாக்குச் சுவரில் பிளம்பர் செய்திருக்கும் தப்பை விளக்கிச் சொன்னேன். முழுவதையும் கேட்டது. அதாவது, கழுத்து அசைவு சீராக இருந்தது.

நினைவு அழிப்பு: நாளை.

மே 12

பேரிங் சோதனை. ஒன்றரை மணி நேரம்.

மே 13

அஞ்சலாட்சி கண்டுபிடித்துவிட்டார். மெழுகில் என் கட்டைவிரல் ரேகை.

"யாரப் பாத்துச்சி?"

பொய் சொல்வது எனக்கு வராது. "என்னை."

"இன்னா சார் இது." ஏணியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அஞ்சு நாளு பொறுத்துக்க முடியலியா ஒன்னால? இதுங்க எப்டி வேட்டையாடும்னு நீதான சொன்ன? மொதல்ல கையால அமுக்கிப் புடிச்சி, அசையாம ஆன பெறகுதான் பல்ல வைக்கும், அவசரப்பட்டா பல்லு பக்கவாட்டுல ஒடஞ்சிடும்னு. ஒன்ன மாரி இருந்ததுங்கதான் பல்லு போயி செத்துதுங்களா?"

அழிந்ததற்குக் காரணம் தட்பவெப்பமும் இரை குறைந்ததும் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள் என்றேன்.

"அந்தம்மாவ வுட்டுட்டு ஒன்னப் பாத்துச்சின்னா, ஒன் வேலையும் போச்சி, என் பேரும் போச்சி. தெரியுமில்ல?"

தெரியும். நான்கு நிமிட வேலை. இன்றே முடித்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு மூளைப் பெட்டி அறைக்குப் போனேன்.

மாலை 5.20: அழித்துவிட்டேன்.

மே 14

முந்நூறு பேர். நுங்கு, மோர். நாற்பத்திரண்டு டிகிரி. கூரையிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. வேர்வையில் எல்லோர் முகத்திலும் தெர்மாகோல் ஒட்டி, கூட்டம் முழுக்க நரைத்துப்போய்த் தெரிந்தது.

10.40க்கு அஞ்சலாட்சி குளித்து, ஈரத்தலையோடு வந்து, ஊசியால் மெழுகைக் கீறி எட்டுக் கண்ணையும் திறந்தார். ஒவ்வொரு பூனைக்கும் கண்ணாடி காட்டினார். பூனைகள் அசையவில்லை. ருக்குமணி அம்மா பட்டுப்புடவையில் வந்து நடு மேடையில் நின்றார். கணவர் இருந்த திசையைப் பார்க்காமல் நிற்பதில் எட்டு மாதப் பழக்கம் தெரிந்தது. முதலாளி எனக்குக் கைகாட்டினார். நான் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று மின்சாரம் கொடுத்தேன்.

நான்கு தலைகளும் எழுந்தன. ருக்குமணி அம்மாவை ஒரு நொடி பார்த்தன. தாண்டின. முந்நூறு பேர் முகத்திலும் ஒவ்வொன்றாகத் தேடின. குகைச் சிங்கம்தான் முதலில் ஜெனரேட்டர் பக்கம் திரும்பியது. பிறகு மற்ற மூன்றும்.

நான் குனிந்தேன். நான்கும் குனிந்தன. டீசல் பீப்பாய்க்குப் பின்னால் போனேன். நான்கும் எட்டிப் பார்த்தன. வேறு வழியில்லாமல் வெளியேறும் வாசலை நோக்கி நடந்தேன்; அது மேடையை ஒட்டிப் போகிறது. நான்கும் கழுத்தை வளைத்து, தரையில் பல் தட்டும் அளவுக்கு, என்னை வணங்கின.

முதலாளி முகத்தைப் பார்த்தேன். துளைக்குள் வண்டியே விழுந்துவிட்ட மாதிரி இருந்தார். அஞ்சலாட்சி கண்ணாடியால் தன் முகத்தை மறைத்துக்கொண்டார். ஜூன் ஒன்று, ஸ்டூல், ஃபேன் என்று எனக்கு வரிசையாக ஓடியது.

அப்போது ருக்குமணி அம்மா சிரித்தார். முதலில் மூக்கால். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு. பிறகு பொத்தாமல். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகக் கணவரைப் பார்த்துச் சொன்னார்:

"ஏனுங், ரெண்டு வண்டிய வித்து வாங்குன பூனை! இதுங்கூட உங்க பேச்சக் கேக்க மாட்டீங்குதே!"

"ஆமா ருக்கு" என்றார் முதலாளி. மறுபடியும், "ஆமா ருக்கு." அழுதுகொண்டிருந்தார். வேர்வை என்று பிறகு சொன்னார்.

இதையும் எழுத வேண்டும். நேற்று நான் அழிக்கவில்லை. பெட்டி அறைக்குப் போனேன், திரையைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன், வந்து 'அழித்துவிட்டேன்' என்று எழுதினேன். காரணம் எழுதத் தெரியவில்லை. பேரிங்கோடு சம்பந்தம் இல்லை.

மே 15

வேலை உத்தரவு கிடைத்தது. நிரந்தரம். இரண்டு கையொப்பம்: ஒன்று பொன்னுரங்கம், ஒன்று ருக்குமணி.

பதவியின் பெயர்: ஆதிமனிதன்.

தப்பாக அச்சாகிவிட்டது என்று முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"தப்பு ஒண்ணும் இல்லீங் தம்பி. ஊர் பூரா அதே பேச்சு. பூனைக கும்புடுற ஆள எப்ப பாக்கலாம்னு போன் மேல போனு. தெனம் மூணு ஷோ. நீ தோலைக் கட்டிக்கிட்டு முன்னால நடக்கோணும், அவ்வளவுதான். மிச்ச நேரம் இஞ்சினியரு."

நினைவகத்தை அழித்து ருக்குமணி அம்மாவின் முகத்தை ஏற்ற நான்கே நிமிடம் போதும் என்றேன்.

ருக்குமணி அம்மா குறுக்கே வந்தார். "என்னைய எதுக்குங் கண்ணு அதுங்க பாக்கோணும்? நான் வந்து உன்னையப் பாத்துச் சிரிச்சுட்டுப் போறேன். எட்டு மாசத்துது பாக்கி இருக்குது."

மே 16

முதல் நாள். செயற்கை ரோமத் தோல், கையில் ரப்பர் ஈட்டி. 42 டிகிரி. ஒரு குழந்தை என்னைப் பார்த்து அழுதது, பூனையைப் பார்த்து அல்ல.

மாலை அஞ்சலாட்சி ஊருக்குக் கிளம்பினார். பஸ் ஏறும்போது, "தொறந்த கண்ண மூடாத. அவ்ளோதான் சொல்வேன்" என்றார். பிறகு ஜன்னல் வழியாக, "இடுப்புல தோலு எறங்குது பாரு, பின்னு குத்திக்க" என்றார்.

மே 17

அப்பாவிடம் உத்தரவு வந்துவிட்டது என்று சொன்னேன்.

"இஞ்சினியர்னுதான போட்டுருக்கு?"

"நிரந்தரம்னு போட்டுருக்கு."

"நான் நாளைக்கு வந்து பாக்குறேன்" என்றார்.

வர வேண்டாம், வெயில் அதிகம் என்றேன். உள்ளே ஐஸ் ஏஜ் என்று விளம்பரம் பார்த்தேனே என்கிறார்.

மே 18, ஞாயிறு

பதினொரு மணிக் காட்சி. ஈட்டியோடு வெளியே வந்தேன். பெரிய வாள்பல் பூனையும் அமெரிக்கச் சிங்கமும் வழக்கப்படி என் பக்கம் திரும்பின. மற்ற இரண்டும் திரும்பவில்லை. கூட்டத்துக்குள் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. மோட்டார் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன்.

மூன்றாவது வரிசையில் அப்பா. வெள்ளைச் சட்டை, கையில் மடித்த குடை. இடதுபக்கம் நகர்ந்தார், இரண்டு தலைகளும் இடதுபக்கம் நகர்ந்தன. தூணுக்குப் பின்னால் போனார், எட்டிப் பார்த்தன.

"ஏய் ஜெரால்டு! ஏன்டா இது என்னைய மொறைக்குது?"

முகப் பொருத்தம் 71 சதவீதம் என்று திரை சொல்கிறது. நான் வைத்திருந்த வரம்பு 70; அதைத் தாண்டினால் அதே ஆள் என்று கணக்கு. என்னையும் அப்பாவையும் பார்த்து ஒரே அச்சு என்று சொல்பவர்களிடம் தப்பு என்று இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன்.

அப்பா நிதானமாகக் கம்பித் தடுப்பைத் தாண்டி வந்தார். என் ரோமத் தோலைத் தொட்டுப் பார்த்தார். குகைச் சிங்கத்தின் முன்னால் போய் நின்றார். அது கழுத்தை வளைத்து அவரை வணங்கியது. கூட்டம் கைதட்டியது. முப்பது வருடமாகக் கடையில் பைப் அளந்து வெட்டிக்கொண்டிருக்கும் மனுசன். குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவரும் சிங்கத்துக்கு ஒரு கும்பிடு போட்டார்.

காட்சி முடிந்ததும் முதலாளி ஓடிவந்தார். "அண்ணா, வாங், வாங். தம்பிக்கு வார லீவு குடுக்க ஆளில்லாம முழிச்சுக்கிட்டிருந்தேன்."

"நமக்குக் கடை இருக்குங்களே" என்றார் அப்பா.

"வாரத்துல ஒரு நாளுங். செவ்வாக்கெழமை மட்டும்."

அப்பா என்னைப் பார்த்தார். பூனையைப் பார்த்தார். "செவ்வாக்கெழம கடையில யாவாரம் கொஞ்சம் மந்தந்தான்" என்றார்.

வரம்பை 72 ஆக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் பெட்டி அறைக்குப் போகவில்லை. டிக்கெட் அறையில் அப்பா கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். தையல்காரர் டேப்போடு சுற்றி வந்தார். இடுப்பு நாற்பத்திரண்டு. அளவைக் குறித்துக்கொடுத்தது நான்.